நான் அடைத்த புள்ளி

அனுப்பர்பாளையத்தில் பாத்திரப் பட்டறைகளுக்கு நடுவே பிறந்து வளர்ந்தவள் நான். பித்தளை தட்டுகிற சத்தத்துக்கு மேல் கத்திக் கத்தியே பேசிப் பழகியதால், கல்யாணமாகி அருள்புரம் வந்தபோது மாமியார் வீட்டில் என்னைச் சண்டைக்காரி என்று முடிவு கட்டிவிட்டார்கள். பாதி உண்மைதான். எனக்குக் கோபம் சட்டென்று வரும், வந்த வேகத்தில் போகவும் செய்யும். எதற்குச் சொல்கிறேன் என்றால், அப்படி வாயுள்ள ஒருத்தி ஒரு நாள் வாயை மூடிக்கொண்டு இருந்த கதை இது.

அருள்புரத்தில் ஒரு பிரிண்டிங் பட்டறையில் நான் ஸ்கிரீன் ரூம் ஆள். பனியன் துணியில் படம் அடிக்க வேண்டுமென்றால், முதலில் ஒரு சட்டத்தில் மெல்லிய வலையை இழுத்துக் கட்டவேண்டும். அதன்மேல் பச்சை நிறத்தில் ஒரு மருந்தைப் பூசிக் காயவைத்து, படத்தின் பிலிமை ஒட்டி, கண்ணாடிக்கு அடியில் எரிகிற விளக்கில் காட்டிவிட்டுத் தண்ணீரில் கழுவினால், படம் இருக்கிற இடம் மட்டும் கரைந்து வலை திறந்துகொள்ளும். மை அந்த வழியாகத்தான் துணிக்கு இறங்கும். இதில் ஒரே தொந்தரவு தூசி. கண்ணாடியில் ஒரு தூசி உட்கார்ந்திருந்தாலும் அந்த இடத்தில் ஊசிமுனை அளவுக்கு ஓட்டை விழும். பின் ஹோல் என்போம். அதை அப்படியே விட்டால் ஒவ்வொரு துணியிலும் ஒரு பொட்டு மை இறங்கி, மொத்தமும் ரிஜெக்ட் ஆகும். அந்த ஓட்டைகளைத் தேடிப் பிடித்து, மெல்லிய பிரஷ்ஷில் மருந்தைத் தொட்டு அடைப்பதுதான் என் வேலை. பதினோரு வருடமாகச் செய்கிறேன்.

கழுவிய ஸ்கிரீனை ஜன்னலுக்கு எதிரே தூக்கிப் பிடிப்பேன். அறை இருட்டாக இருக்கும். மருந்து பூசிய வலை முழுக்கக் கரும்பச்சையாகத் தெரியும். முதலில் ஒன்றுமே இருக்காது. கண் பழகப் பழக, அங்கே ஒன்று, இங்கே ஒன்று என்று வெளிச்சப் புள்ளிகள் முளைக்கும். சில நாள் முகத்துக்கு இவ்வளவு கிட்டத்தில் ஒரு வானத்தையே பிடித்துக்கொண்டு நிற்கிற மாதிரி இருக்கும். கை வலிப்பதுகூடத் தெரியாது. வெளியே மெஷின் ஓடுகிற சத்தம் எங்கோ தூரத்தில் கேட்கும். பிறகு பிரஷ்ஷை எடுத்து ஒவ்வொரு புள்ளியாக அணைப்பேன். பகல் பன்னிரண்டு மணிக்கு வானத்தைத் துடைத்துச் சுத்தமாக வைத்துவிட்டுச் சோற்றுப் போசியைத் திறக்கிற பொம்பளை இந்த ஊரில் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

அந்த வருடம் குழந்தைகள் டிசர்ட் ஆர்டர் ஒன்று வந்தது. கடல் நீலத் துணி. கீழே வளையம் போட்ட பெரிய சனிக்கிரகம், ஆரஞ்சும் மஞ்சளுமாக. அதற்கும் கீழே வெளிர்நீலத்தில் இங்கிலீஷில் ஒரு வரி. மற்றபடி துணி முழுக்கக் காலி. வெளிநாட்டுக்காரனுக்கு மை மிச்சம் பிடிக்கிற புத்தி எப்போது வந்தது என்று நான்கூடக் கேலி பேசினேன். அந்தக் காலியிடத்தில், வலதுபக்கம் மேலே, அதே வெளிர்நீலத்தில் கடுகை விடச் சின்னதாக ஒரு புள்ளி இருந்ததை நான் கவனிக்கவில்லை. அந்த ஆர்டருக்கு முதல் ஸ்கிரீன் போட்டது லீவில் இருந்த எனக்குப் பதிலாக வந்த வேறொருத்தி.

பாதி ஓடியதும் நீல ஸ்கிரீன் கிழிந்துவிட்டது. மதியத்துக்குள் புதியது வேண்டும் என்று முதலாளி அவசரப்படுத்தினார். போட்டேன், கழுவினேன், ஜன்னலுக்கு எதிரே தூக்கினேன். பின்பக்கமாகப் பார்ப்பதால் எழுத்தெல்லாம் இடவலமாக மாறித் தெரியும். ஒன்பதாவது வரை படித்தவளுக்கு நேராக இருந்தாலே இங்கிலீஷ் தகராறு. கீழே எழுத்து சுத்தமாக இருந்தது. மேலே தன்னந்தனியாக ஒரு புள்ளி.

இதை ஒளிக்காமல் சொல்லவேண்டும். அந்தப் புள்ளி நல்ல உருண்டையாக இருந்தது. தூசியால் விழுகிற ஓட்டை அப்படி இருக்காது, ஓரம் பிசிறடிக்கும். இதென்ன இவ்வளவு வட்டமாக இருக்கிறது என்று ஒரு நிமிடம் பிரஷ்ஷைப் பிடித்தபடி யோசித்தேன். அழகாகக்கூட இருந்தது. பிலிமை எடுத்து ஒருதடவை ஒப்பிட்டுப் பார்த்திருந்தால் முடிந்தது. பிலிம் நாலடி தள்ளி மேசைமேல் கிடந்தது. எனக்கா தெரியாது என்கிற திமிர். பிரஷ்ஷை வைத்து அடைத்துவிட்டேன்.

மறுநாள் மாலைக்குள் அத்தனையும் அடித்து முடிந்து தைக்கப் போய்விட்டது. ஸ்கிரீனில் இருந்த மருந்தைக் கரைத்துக் கழுவி அடுத்த ஆர்டருக்குத் தயார் செய்ததும் நான்தான். அது வழக்கம்.

நாலாம் நாள் தையல் கம்பெனியில் செக்கிங் செய்தவர்கள் ஒரு குறை கண்டுபிடித்தார்கள். சில டிசர்ட்டில் புள்ளி இருக்கிறது, சிலவற்றில் இல்லை. அவர்களும் என் ஜாதிதானே, புள்ளி இருப்பதையெல்லாம் பிரிண்டிங் மிஸ்டேக் என்று சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டித் தனியாக அடுக்கிவிட்டார்கள். பிறகுதான் ஆர்டர் கொடுத்த ஆபீஸிலிருந்து ஆர்டரைக் கவனிக்கிற மெர்ச்சண்டைசர் பெண் வந்தது. சின்ன வயசுதான், கறாரான பெண். டிசர்ட் இரண்டை எங்கள் டேபிளில் விரித்துப் போட்டு, சனிக்கிரகத்துப் பக்கம் நின்று பார்த்தால் பூமி இந்தப் புள்ளி அளவுதான் தெரியும் என்பதுதான் டிசைனே என்று விளக்கியது. எல்லோரும் குனிந்து பார்த்தோம்.

“நாம இங்கதான் இருக்கோம்னு கீழ எழுதியிருக்கு. இதுல எங்க இருக்கோம்?” என்றது, புள்ளியில்லாத டிசர்ட்டைத் தூக்கிக் காட்டி.

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தவர்களைப் பற்றிக் கேட்டிருக்கிறேன். நான் பூமியையே ஒரு சொட்டு மருந்தில் மறைத்துவிட்டேன்.

பிலிமில் புள்ளி இருந்தது. ஆகவே ஸ்கிரீனிலும் இருந்திருக்கும். அப்படியானால் அதை யாரோ அடைத்திருக்கிறார்கள். பிரிண்ட் ஓடும்போது புதிதாக ஓட்டை தெரிந்தால் மை ஓட்டுகிறவரே அடியில் ஒரு துண்டு டேப் ஒட்டி அடைத்துவிடுவார். அன்று நீல மை ஓட்டியவர் ஒடிசாக்காரர். ஆறு வருடமாக எங்களோடு இருப்பவர், முப்பத்தைந்து வயது இருக்கும். தமிழை இங்கேதான் கற்றுக்கொண்டதால் எங்களைப் போலவே வார்த்தைக்கு வார்த்தை ‘ங்க’ போட்டுப் பேசுவார். முதலாளி நேராக அவரிடம் போய், டேப் ஒட்டினீங்களா என்று கேட்டார். தினமும் பத்து இடத்தில் ஒட்டுகிறவர் எதை நினைவில் வைப்பார்? ஒட்டியிருப்பேனுங்க, என்றார். முதலாளி கத்தவில்லை.

“சரிங்க தம்பி. நாளைக்கு வர வேண்டாமுங்க.”

வேலையை விட்டு நிறுத்தும்போதுகூட எங்கள் ஊரில் மரியாதை குறையாது.

நான் மூன்றடி தள்ளி நின்றேன். என்னை யாரும் கேட்கவில்லை. பதினோரு வருடத்தில் தப்பே செய்யாத அக்காவை எவன் கேட்பான்? கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன் என்று அன்றைக்கு என்னையே சமாதானம் செய்துகொண்டேன். இப்போது நினைத்தால், கேட்டிருந்தாலும் சொல்லியிருக்க மாட்டேன் என்றுதான் தோன்றுகிறது. அவர் கையைத் துடைத்துக்கொண்டு, சோற்றுப் பையை எடுத்துக்கொண்டு, போகும்போது என்னிடமும் தலையாட்டிவிட்டுப் போனார். பழி ஓரிடம் பாவம் ஓரிடம் என்பதைக் கண்ணெதிரே பார்த்துக்கொண்டு நின்றேன்.

சாயங்காலம் வீட்டுக்கு வந்து மகளிடம் மட்டும் கதையைச் சொன்னேன், யார் அடைத்தது என்பதை விட்டுவிட்டு. எட்டாவது படிக்கிறாள். கணக்கென்றால் அவளுக்கு அல்வா. எங்கள் லைன் வீட்டு மொட்டை மாடியில் துணி எடுக்கப் போனபோது, பொழுது சாய்ந்து மேற்கே மட்டும் வெளிச்சம் மிச்சமிருந்தது. போனில் கணக்குப் போட்டுக்கொண்டே பின்னால் வந்தாள்.

பூமியை ஒரு கடுகு என்று வைத்துக்கொண்டால் சூரியன் நம் வீட்டுச் சின்னக் குடம் அளவுக்கு இருக்குமாம். குடத்தைச் சமையல்கட்டில் வைத்தால் கடுகு எங்கே இருக்கும் தெரியுமா என்றாள். அடுப்பு மேடையில் என்றேன். சிரித்தாள். லைன் வீடுகள் எல்லாம் தாண்டி, பொதுக்குழாய் இருக்கிறதே, அங்கே. சரி, பக்கத்து நட்சத்திரம் இன்னொரு குடமல்லவா, அது எங்கே என்று கேட்டேன். பல்லடம், தாராபுரம் என்று ஏதாவது சொல்லுவாள் என்று நினைத்தேன். அவள் போனை இரண்டுதரம் தட்டிப் பார்த்துவிட்டு, நாம் அடிக்கிற டிசர்ட்டெல்லாம் கப்பலேறிப் போகிறதே ஐரோப்பா, அந்தக் கரையில் என்றாள்.

“நடுவால என்ன கண்ணு இருக்கு?”

“ஒன்னுமில்லீங்மா.”

துணியை மார்போடு அணைத்தபடி அப்படியே நின்றுவிட்டேன். மேலே ஒரே ஒரு வெள்ளி முளைத்திருந்தது. எங்கள் வீட்டு அடுப்படியில் ஒரு குடம், கடல் தாண்டி இன்னொரு குடம், நடுவில் வயல் இல்லை, ரோடு இல்லை, ஒரு நாய் குரைக்கிற சத்தம்கூட இல்லை. குழாயடியில் ஒரு கடுகு கிடக்கிறது. அந்தக் கடுகுக்குள் திருப்பூர் முழுக்க ஓடுகிற மெஷின்கள், அதற்குள் எங்கள் பட்டறை, அதற்குள் என் பிரஷ். உடம்பே லேசாகி மிதக்கிற மாதிரி இருந்தது. காற்று என் வழியாகவே போவதுபோல் இருந்தது. மகள் பக்கத்தில் ஏதோ சொல்லிக்கொண்டே இருந்தாள், நான் கேட்கவில்லை.

அந்தச் சுகத்தில்தான் ஒரு திருட்டு எண்ணம் வந்தது. தலைக்கு மேல் வெள்ளம் போனால் சாண் என்ன, முழம் என்ன? இத்தனை பெரிய இருட்டில் ஒரு ஆளுக்கு வேலை போனது எந்தக் கணக்கில் வரும்? அவருக்கு வேறு பட்டறையில் வேலை கிடைக்காதா? நான் பொய்கூடச் சொல்லவில்லையே, சும்மாதானே இருந்தேன். பிரபஞ்சமே எனக்கு வக்காலத்து வாங்குவதுபோல் இருந்தது. அன்று நன்றாகத் தூங்கினேன். அதை நினைத்தால்தான் இன்றைக்கும் வெட்கமாக இருக்கிறது.

காலையில் வழக்கம்போல வேலைக்குப் போனேன். ஸ்கிரீன் ரூம் கதவு திறந்திருந்தால் நீல மை ஓட்டுகிற டேபிள் நேராகத் தெரியும். எட்டு மணிக்கு அவர் அங்கே நின்று, மை இழுக்கிற ஸ்குவீஜிக் கட்டையைத் துணியால் துடைத்துக் கண்ணில் ஒற்றிக்கொள்வார். அன்று அந்த இடத்தில் யாரும் இல்லை. சனிக்கிரகத்திலிருந்து பார்த்தால் அந்தக் காலியிடம் தெரியாதுதான். ஆனால் நான் சனிக்கிரகத்தில் நிற்கவில்லை, பத்தடி தள்ளி நிற்கிறேன். எனக்கு நன்றாகத் தெரிந்தது. கதவைச் சாத்திப் பார்த்தேன். சாத்தினாலும் தெரிந்தது. என்மேலேயே எனக்கு வந்த கோபத்தில் பிரஷ்ஷைத் தூக்கி எறிந்துவிட்டு முதலாளியின் அறைக்குப் போனேன்.

நான்தானுங்க அடைச்சேன், அந்தத் தம்பி இல்லீங்க என்று ஒரே மூச்சில் சொன்னேன். உருண்டையாக இருந்ததையும் சொன்னேன், பிலிமைப் பார்க்காததையும் சொன்னேன். முதலாளி பேனாவை மூடி வைத்தார்.

“ஏனுங்கம்மிணி, ஒலகத்தையே அடச்சுப்போட்டு, ஊட்டுக்குப் போயி நல்லாத் தூங்குனீங்களாக்கும்?”

ஆமாங்க என்றேன். அவர் சிரிப்பார் என்று நினைத்தேன், சிரிக்கவில்லை. போய் நீங்களே கூட்டிக்கொண்டு வாருங்கள் என்றார்.

பட்டறைக்குப் பின்னால் இரண்டு தெரு தள்ளி, ஒரே அறையில் ஆறு பேர் தங்கியிருந்தார்கள். மற்றவர்கள் வேலைக்குப் போயிருந்தார்கள். அவர் மட்டும் பாயைச் சுருட்டி, பையைக் கட்டி வைத்துவிட்டு, சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். சாயங்காலம் வண்டியாம். வாசலில் நின்றபடியே சொன்னேன். உட்காரச் சொன்னார், உட்காரவில்லை. திட்டுவார் என்று எதிர்பார்த்தேன், திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவர் என் முகத்தையே பார்த்தார்.

“அப்ப, நா பண்ணலீங்களா அக்கா?”

அவர் நம்பிவிட்டிருந்தார். எல்லோரும் சொன்னதால் தானேதான் செய்தோம் என்று முழுசாக நம்பி, அந்த டேப்பை எப்போது ஒட்டினோம் என்று விடிய விடிய யோசித்துக்கொண்டு இருந்திருக்கிறார். இல்லீங்க தம்பி, நீங்க பண்ணல, நீங்க பண்ணவே இல்ல என்று திரும்பத் திரும்பச் சொன்னேன். கட்டிய பையை அப்படியே வைத்துவிட்டு என்னோடு கிளம்பினார்.

தைத்து முடித்து எங்களிடம் திரும்பி வந்த டிசர்ட்டில் மறுபடி ஸ்கிரீன் வைத்தால் இருக்கிற படமும் கெட்டுவிடும். அதனால் புள்ளியைக் கையால்தான் வைக்கவேண்டும் என்று முடிவாயிற்று. பழைய எக்ஸ்ரே பிலிம் ஒன்றில், புள்ளி விழவேண்டிய இடத்தில் விரல் நுழைகிற அளவு ஓட்டை வெட்டினேன். அதைத் துணிமேல் வைத்து அளவு பார்த்து, ஊதுபத்திக் குச்சியின் முனையை வெளிர்நீல மையில் தொட்டு, ஓட்டையின் நடுவில் ஒரு ஒற்று. அவர் ஒவ்வொரு டிசர்ட்டாகச் சுருக்கமில்லாமல் விரித்துத் தருவார், நான் வைப்பேன், அவர் எடுத்துச் சூடு காட்டி அடுக்குவார். ஆயிரத்துச் சொச்சம் உருப்படி. முதல் ஐம்பது மெதுவாகத்தான் போயிற்று. பிறகு ஒரு தாளம் வந்துவிட்டது. காலியான நீலம் விரியும், குச்சி இறங்கும், உலகம் உண்டாகும், அடுத்தது. ஒன்றுபோல் ஒன்று இல்லை. சிலது கொஞ்சம் சப்பை, சிலது கொஞ்சம் ஈரம். பதினோரு வருடம் அணைத்துக்கொண்டே இருந்த கை அன்றைக்கு ஒவ்வொன்றாக ஏற்றிக்கொண்டிருந்தது. மெஷின் சத்தம் மறுபடியும் எங்கோ தூரமாகப் போயிற்று. எனக்குச் சந்தோஷமாகவே இருந்தது, தப்பைச் சரிசெய்துவிட்டோம் என்று.

மூன்றரை மணிக்கு டீ வந்தது. அவர் போனை எடுத்து ஊருக்கு வீடியோ கால் போட்டார். கூச்சப்படாமல் எனக்கும் தெரிகிற மாதிரிதான் வைத்திருந்தார். அவர் மனைவியும், ஐந்து வயசு இருக்கும் ஒரு பெண் குழந்தையும் திரையில் வந்தார்கள். குழந்தை தலை வாரி, பொட்டு வைத்து, நல்ல கவுன் போட்டிருந்தது. அவர் அவர்கள் பாஷையில் ஏதோ சொன்னார். மனைவியின் முகம் ஒரு கணம் மாறி, பிறகு சரி என்பதுபோல் தலையாட்டினாள். குழந்தை மட்டும் வீறிட்டு அழ ஆரம்பித்தது.

என்னங்க தம்பி என்று கேட்டேன். ஊருக்கு வருகிறேன் என்று நேற்று ராத்திரியே சொல்லியிருந்தாராம். போய்ச் சேர இரண்டு ராத்திரி ஆகும் என்றால் அதற்குப் புரியவில்லை. அப்பா வருகிறார் என்று இன்றைக்குப் பள்ளிக்கூடத்துக்கே போகாமல் காலையிலிருந்து கவுனைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது. ஒன்றரை வருடமாயிற்றாம் அவர் ஊருக்குப் போய்.

நான் சொன்ன உண்மைதான் அந்தக் குழந்தையின் அப்பாவை நிறுத்திவிட்டது. குச்சியைப் பிடித்த கை அப்படியே நின்றது. சொல்லாமல் இருந்ததும் தப்பு, சொன்னதும் இப்படி. யாரிடம் கோபப்படுவது என்றே தெரியவில்லை.

அவர் காய்ந்த டிசர்ட் ஒன்றை எடுத்து போனுக்கு எதிரே பிடித்தார். நீலப் புள்ளியைத் தொட்டுவிட்டுத் தன் நெஞ்சைத் தொட்டார். நான் இங்கே இருக்கிறேன் என்கிறார். குழந்தை அழுகையை நிறுத்திப் பார்த்தது, என்னவோ கேட்டது. அவர் மறுபடியும் அதே புள்ளியைத் தொட்டு, திரையில் இருந்த அதன் முகத்தைத் தொட்டார். பாஷை தெரியாமலே எனக்குப் புரிந்தது. நீயும் இதில்தான், இரண்டு பேரும் இந்த ஒரே புள்ளியில்தான்.

சனிக்கிரகத்திலிருந்து பார்த்தால் அது உண்மைதான். அருள்புரத்துக்கும் அவர் ஊருக்கும் நடுவே ஒரு மயிரிழைகூட இடைவெளி தெரியாது. நேற்று மொட்டை மாடியில் நானும் அப்படித்தான் நினைத்து நிம்மதியானேன். ஆனால் அந்தக் குழந்தை நம்பவில்லை. புள்ளியைப் பார்த்தது, அப்பாவைப் பார்த்தது, மறுபடியும் அழுதது. அதற்கு இருந்த அறிவு முந்தின நாள் எனக்கு இல்லாமல் போயிற்று.

டீ ஆறிப்போயிருந்தது. இந்த ஆர்டர் முடிந்ததும் அவருக்கு லீவு கொடுத்தே ஆகவேண்டும் என்று முதலாளியிடம் போய்ச் சண்டைபோடுவதாக முடிவு செய்தேன். அதற்குத்தானே இந்த வாய். பிறகு போட்டேன், பத்து நாள் கிடைத்தது.

அவர் போனை வைத்துவிட்டு அடுத்த டிசர்ட்டை விரித்தார். நான் குச்சியை மையில் நன்றாகத் தோய்த்தேன். எக்ஸ்ரே பிலிமின் ஓட்டைக்கு நடுவில், அவர்கள் இரண்டு பேருக்கும் நடுவே இருக்கிற தூரமும் அதில் அடங்கட்டும் என்று, டிசைனில் இருந்ததைவிடக் கொஞ்சம் பெரிதாகவே அந்தப் புள்ளியை வைத்தேன். அதற்குப் பிறகு வைத்ததெல்லாம் அந்த அளவுதான். செக்கிங்கில் யாரும் அதைக் குறை சொல்லவில்லை.